அஞ்சலையக்காவின் கைநாட்டு

எங்கள் சங்கத்தின் இப்போதைய செயலாளர் நித்யா போன மாதம் ஒரு காலையில் போன் செய்தார். "மேடம், இனிமே ஜாமீன் போடறவங்க ஆபீசுக்கு நேர்ல வர வேணாம்னு கொண்டுவரப் போறோம். அவங்க போனுக்கு ஒரு நம்பர் போகும், அதைச் சொன்னா போதும். ஆனா போர்டுல ரெண்டு பேர் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. உங்க காலத்துல ஏன் நேர்லதான் வரணும்னு பிடிவாதமா இருந்தீங்கன்னு ஆண்டு மலருக்கு ரெண்டு பக்கம் எழுதித் தாங்களேன்" என்றார்.

விதியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். விதி நாலு வரியில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எழுத வந்ததெல்லாம் ஒரு பெண்மணியைப் பற்றித்தான்.

முதலில் சங்கம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், தெரியாதவர்களுக்காக. எங்களுடையது பணியாளர் சிக்கன நாணயச் சங்கம். தெரு கூட்டுபவர்கள், தண்ணீர் லாரி ஓட்டுபவர்கள், ஆஸ்பத்திரி ஆயாக்கள், ஆபீஸ் உதவியாளர்கள் என்று திருவண்ணாமலையில் சின்னச் சம்பளத்தில் அரசாங்க வேலை பார்த்த சில நூறு பேர் சேர்ந்து நடத்தியது. ஒவ்வொருவர் சம்பளத்திலும் மாதம் ஒரு தொகையைப் பிடித்துச் சேமிப்பில் வைப்போம். அந்தப் பணத்தைத்தான் அவர்களில் யாருக்குக் கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலும் கம்மி வட்டிக்குக் கடனாகக் கொடுப்போம். வருகிற வட்டியில் செலவு போக மீதி, வருஷ முடிவில் அவர்களுக்கே பங்காகப் போகும். வெளியாள் பணம் ஒரு ரூபாய் கிடையாது. வருஷத்துக்கு ஒரு முறை பேரவை கூடும். டிரைவராக இருந்தாலும் தலைமை எழுத்தராக இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான்.

இதனால்தான் எங்கள் பழைய செயலாளர் சாரங்கபாணி சார் படியேறி வருகிற எல்லோரையும் "வாங்க முதலாளி" என்று கூப்பிடுவார். கிண்டலாக இல்லை, மெய்யாகவே. கையில் துடைப்பத்தோடு வந்தாலும் எழுந்து நின்றுதான் கூப்பிடுவார். நான் வேலைக்குச் சேர்ந்த வாரம், வாசலில் நின்ற ஒருவரைக் காட்டி "லோன் பார்ட்டி வந்திருக்கார் சார்" என்று சொல்லிவிட்டேன். "கஸ்தூரி, உனக்குச் சம்பளம் குடுக்கறது யாரும்மா?" என்று கேட்டார். "சங்கம் சார்" என்றேன். "சங்கம்னா அதோ நிக்கறாரே, அவர்தான்" என்றார். அதோடு பார்ட்டி என்ற வார்த்தை என் வாயில் வந்ததில்லை.

அவர் ஜாமீன் எடுக்கிற முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடன் கேட்பவர் இரண்டு உறுப்பினர்களை ஜாமீனுக்குக் கூட்டிக்கொண்டு வருவார். மூன்று பேரையும் உட்கார வைத்து இரண்டு வார்த்தை பேசுவார். அப்புறம் கடன் கேட்பவரிடம், "கீழ போய் ஒரு டீ சாப்பிட்டு வாங்க முதலாளி" என்பார். அவர் இறங்கிப் போன பிறகு ஜாமீன்தாரர்களைத் தனித்தனியாக எதிரே உட்கார வைப்பார். கேள்விகள் மூன்றுதான். இவர் எதுக்குக் கடன் வாங்கறார்னு தெரியுமா? எவ்வளவுன்னு தெரியுமா? அவர் கட்டலைன்னா உங்க சம்பளத்துல மாசம் இவ்வளவு போயிடும், மிச்சத்துல உங்க வூட்டுல அடுப்பு எரியுமா? மூன்றாவது கேள்வியைக் கேட்கும்போது பேனாவை மூடி வைத்துவிட்டு முகத்தையே பார்ப்பார்.

சிலர் தலையைக் குனிந்துகொள்வார்கள். சொந்தக்காரன் கேட்டானே, மேஸ்திரி கேட்டாரே என்று தட்ட முடியாமல் வந்திருப்பார்கள். அவர்களிடம் சார் மெதுவாகச் சொல்வார்: "நீங்க கவலைப்படாதீங்க. வெளிய போய், 'நான் ரெடியாத்தான் இருந்தேன், இந்தச் செக்ரட்டரிதான் விதி அது இதுன்னு ஒத்துக்கலை'ன்னு சொல்லிடுங்க." டீ குடித்துவிட்டு வருகிறவர் சாரைத்தான் திட்டிக்கொண்டு போவார். ஊரில் அவருக்குக் கல்நெஞ்சக்காரர் என்று பேர். உண்மை தெரிந்தவர்கள் அவர் காப்பாற்றி அனுப்பிய ஜாமீன்தாரர்கள் மட்டும்தான். அவர்கள் வெளியே சொல்ல முடியாது.

இனி அஞ்சலையக்கா.

அவர் துப்புரவுப் பணியாளர், கிரிவலப் பாதையில் வேலை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். புருஷன் சின்ன வயதிலேயே இறந்து, ஒரே பெண் செல்வியை வைத்துக்கொண்டு இருந்தார். விடியற்காலையில் துடைப்பம் பிடித்தால் பதினொரு மணிக்கு முறை முடியும். நேரே எங்கள் மாடிக்கு வருவார். குழாயில் கை கால் முகம் கழுவிக்கொண்டு, என் மேஜைக்குப் பக்கத்து ஸ்டூலில் ஃபேனுக்கு அடியில் உட்காருவார். "எம்மா கஸ்தூரி, இன்னா கொழம்பு இன்னிக்கி?" என்று என் டப்பாவைத் திறந்து பார்ப்பார். பௌர்ணமிக்கு மறுநாள் வந்தால் கதைக்குப் பஞ்சம் இருக்காது. லட்சம் பேர் நடந்து போன பாதையில் விட்டுப் போனது என்னென்ன என்று சொல்வார். ஒற்றைச் செருப்பு, குழந்தையின் வெள்ளிக் கொலுசு, ஒரு முறை ஒரு முழுப் பல் செட்டு. "பல்லு இல்லாம எப்பிடிமா ஊரு போயி சேர்ந்திருப்பான்? பஸ்ல டிக்கெட்டு கேக்கறதுக்குக்கூட வாய் வந்திருக்காதே!" என்று அவர் சொல்லிச் சிரித்த அன்று சாரங்கபாணி சாரே பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கணக்கு கேட்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. பேரவைக்கு முந்தின வாரம் ஆண்டறிக்கையை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். "போன வருசம் கரண்டு பில்லு கம்மி, இந்த வருசம் ஏன் ஜாஸ்தி? ஃபேனு அதேதானே?" என்று மண்டபத்தில் எழுந்து கேட்டால் தலைவர் வேர்த்துப்போவார். ஒரு கோடை முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து தன் பெயரை எழுதிப் பழகினார். 'லை' வர ரொம்ப நாளாயிற்று. வந்த பிறகு எந்தத் தாளிலும் கைநாட்டு வைக்கமாட்டார். மைப்பெட்டியை நீட்டினால் கையைத் தட்டிவிடுவார்.

எனக்கு அக்கா தங்கை கிடையாது. கல்யாணமும் அமையாமல் போயிற்று. வீட்டில் பேசாததையெல்லாம் அந்த ஸ்டூலைப் பார்த்துத்தான் பேசினேன்.

ஒரு கார்த்திகை மாதம். சாரங்கபாணி சார் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார். பத்து நாள் பொறுப்பு என்னிடம். தீபத்துக்கு முந்தின வாரம், ஊரெல்லாம் கூட்டம், வீட்டில் எனக்கு விருந்தாளிகள். தண்ணீர் லாரி டிரைவர் ஒருவர் கடன் விண்ணப்பத்தோடு வந்தார். பெயர் வேண்டாம். அவர் பிள்ளைகள் இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். பெண்டாட்டியை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன், இன்றைக்கே பணம் கட்ட வேண்டும் என்று அழுதார். ஒரு ஜாமீனுக்கு மச்சானைக் கூட்டி வந்திருந்தார். இன்னொரு ஜாமீன் அஞ்சலை. "அக்கா தீப டூட்டியில கீறாங்க மேடம், சூபர்வைசர் விடமாட்டேங்கறாரு. கைநாட்டு வாங்கியாந்துட்டேன்" என்றார்.

தாளைப் பார்த்தேன். கைநாட்டு இருந்தது. இந்த அம்மாள் கைநாட்டு வைக்கமாட்டாரே என்று ஒரு நொடி தோன்றியது. இதை நான் மறைக்கப்போவதில்லை, தோன்றத்தான் செய்தது. கையெல்லாம் அழுக்காக இருந்திருக்கும், அவசரத்தில் வைத்திருப்பார் என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்கு மேல் இன்னொன்றும் நினைத்தேன். நம்ம அஞ்சலையக்காதானே, கேட்டால் சரி என்றுதான் சொல்லப்போகிறார். வேறு யார் பெயர் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் நேரில் வரச் சொல்லியிருப்பேன். அவர் எனக்கு நெருக்கம் என்பதால்தான் அவரைக் கேட்காமல் விட்டேன்.

பங்குனியில் அந்த டிரைவர் வேலைக்கு வருவதை நிறுத்தினார். வேலூர் ஆஸ்பத்திரியும் பொய், பெண்டாட்டியே பிறந்த வீட்டுக்குப் போய் வருஷக்கணக்காகியிருந்தது. அவருக்கு நோட்டீஸ் அனுப்பிப் பார்த்துவிட்டு, விதிப்படி ஜாமீன்தாரர்கள் சம்பளத்தில் பிடிக்கப் பட்டியல் போயிற்று. அந்தப் பட்டியலை வேறு ஒரு எழுத்தர் போட்டார். நான் பார்க்கவில்லை.

ஆனி மாதச் சம்பளம் வந்த மறுநாள் அஞ்சலையக்கா மாடியேறி வந்தார். முகம் கழுவவில்லை. சம்பளச் சீட்டை என் முன்னால் வைத்தார்.

"எம்மா, இன்னா இது? பாதிக்குப் பாதி கம்மியா வந்துகீது. கேட்டா சங்கத்துப் பிடித்தம்னு சொல்றான். நா ஏதும்மா கடன் வாங்கனேன்? செல்வி நர்சிங் படிக்க வாங்கணும்னு இனிமேதானே உங்கிட்ட கேக்கலாம்னு இருந்தேன்?"

கோப்பை எடுத்தேன். அவர் எட்டிப் பார்த்தார். படிக்கத் தெரியாவிட்டாலும் அவருக்கு அந்த இடம் தெரியும்.

"இது யாரு கைநாட்டு?"

கோப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"தீப டூட்டியப்ப, சாப்பாட்டுப் படி லிஸ்டுனு ஒருத்தன் கைநாட்டு வாங்கினு போனான். கையில சாணியும் சேறுமா இருந்துது, பேனா புடிக்க முடியல. அதுவா?" என்றவர் என்னைப் பார்த்தார். "நாந்தான் கையெழுத்துப் போடுவனே கஸ்தூரி. உனக்குத் தெரியாதா?"

"பாத்துச் சொல்றேங்க்கா" என்றேன். அவர் சீட்டை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு இறங்கிப் போனார்.

மத்தியானம் சாரங்கபாணி சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கோப்பைப் புரட்டிவிட்டு, "அவங்க முகத்தைப் பாத்துக் கேட்டியாம்மா?" என்றார்.

"இல்ல சார்."

"தாளுல எல்லாம் சரியா இருக்கு. நீ வாயத் தொறக்கலைன்னா அவங்க சொல்றதுக்குச் சாட்சி கிடையாது, யாருக்கும் தெரியப் போறதில்ல. எனக்கும் தெரிஞ்சிருக்காது." கோப்பை மூடி என் பக்கம் நகர்த்தினார். "வேலை போனாலும் போகலாம். எழுதிக் குடுக்கறியா?"

எழுதிக் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம். அதற்குக் கீழே அவரும் ஒரு வரி சேர்த்தார்: தான் இல்லாத நேரத்தில் தகுந்த மேற்பார்வைக்கு ஏற்பாடு செய்யாமல் போனது தன் தவறு என்று. வேண்டாம் சார் என்றேன். கேட்கவில்லை.

நிர்வாகக் குழு என்னைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தியது. கடைசி முடிவு பேரவையில். ஆவணியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடினார்கள். என்னை மேடையில் நிற்க வைத்து அந்த ஒன்றரைப் பக்கத்தை மைக்கில் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். ஜாமீன்தாரரை நேரில் விசாரிக்காமல் கடன் வழங்கியது என் தவறு என்ற இடத்துக்கு வந்ததும் "வேலைய வுட்டுத் தூக்கு!" என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தன. அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. அவர்கள் பணம்.

அஞ்சலையக்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் படித்து முடிக்கிற வரைக்கும் தலை நிமிரவில்லை. "உங்களுக்கு என்ன வேணும்மா? சொல்லுங்க" என்று தலைவர் கேட்டார். வருஷா வருஷம் கேள்வி கேட்டவர் எழுந்து நின்று, "எங்காசு எனக்கு வரணும். வேற சொல்றதுக்கு ஒண்ணுமில்ல" என்று உட்கார்ந்துவிட்டார். என்னை நீக்குவதா, அவர் கட்ட வேண்டிய ஜாமீன் பங்கை என் சம்பளத்தில் பிடித்து வேலையில் வைத்துக்கொள்வதா என்று கை தூக்கச் சொன்னார்கள். வைத்துக்கொள்வதற்கு அவர் கை தூக்கியதைப் பார்த்தேன். அவர் தூக்கியதால்தான் அந்தப் பக்கம் இன்னும் பல கைகள் உயர்ந்தன.

ஜாமீனிலிருந்து அவரை விடுவித்தார்கள். பிடித்த பணம் திரும்பப் போயிற்று. ஆனால் அதற்குள் நர்சிங் கட்டணம் கட்டும் நாள் வந்து போயிருந்தது. ஜாமீன் பாக்கி இருக்கும்போது அவருக்குக் கடன் கொடுக்க விதி இல்லை. அவர் வெளியே வட்டிக்காரரிடம் வாங்கிக் கட்டியிருந்தார் என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. கம்மி வட்டியில் கடன் கிடைக்கட்டும் என்று இருபது வருஷம் சேமித்த ஒரு பெண்மணியை வட்டிக்காரன் வாசலுக்கு அனுப்பியது நான்.

மறுபடி வேலையில் சேர்ந்தேன். அஞ்சலையக்கா வருவார், கவுண்டரில் வேலையை முடிப்பார், போவார். பக்கத்து ஸ்டூலுக்கு வரவில்லை. பௌர்ணமிக்கு மறுநாள் பதினொரு மணி ஆனால் என் காது படிக்கட்டுக்குப் போய்விடும். செருப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தால் வேறு யாராவது இருப்பார்கள். டப்பாவில் அவருக்கென்று ஒரு கை சோறு ஜாஸ்தி வைக்கிற பழக்கத்தை விட எனக்கு ரொம்ப நாளாயிற்று. கூட்டம் நிறைந்த ஆபீசில் ஒருத்தி இல்லை என்பது இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

சாரங்கபாணி சார் ஓய்வு பெற்றார். பிறகு காலமானார். நான் செயலாளர் ஆனேன். அவருடைய மூன்று கேள்விகளையும் ஒரு நாள் விடாமல் கேட்டேன். ஒரு வருஷம் அஞ்சலையக்காவும் ஓய்வு பெற்று, சேமிப்பையும் பங்கையும் வாங்க வந்தார். எழுந்து நின்றேன். ரசீதில் தன் பெயரை எழுதினார். 'லை' அழகாக வந்தது. "வர்றேம்மா" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். கீழ்பென்னாத்தூரில் வேலை பார்க்கிற மகளோடு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

நித்யாவுக்காக எழுத ஆரம்பித்தபோது, இதை அவரைக் கேட்காமல் எழுதக் கூடாது என்று தோன்றியது. பஸ் ஏறினேன். கீழ்பென்னாத்தூரில் நர்ஸ் செல்வி வீடு என்று கேட்டதும் காட்டினார்கள். வாசலில் சாக்கு விரித்துக் காயப்போட்ட வேர்க்கடலைக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். ரொம்ப மெலிந்திருந்தார். கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தார்.

"கஸ்தூரியா? வா. குந்து."

வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் கடலையைக் கிளறிக்கொண்டே கேட்டார். எழுதலாமா அக்கா என்றேன்.

"அன்னிக்கி போர்டுக்கு எழுதிக் குடுத்த. மண்டபத்துல அத்தினி பேர் முன்னால மைக்குல சொன்ன. இப்ப புஸ்தகத்துல எழுதப் போற" என்றார். "எங்கிட்ட ஏம்மா வந்து சொல்லல?"

சாக்கின் ஓரத்தில் சிதறியிருந்த கடலையை உள்ளே தள்ளினேன்.

"தேரடித் தெரு ஆபீசுலேர்ந்து எங்க தெரு இன்னா, நடக்கற தூரந்தானே? நீ எழுதிக் குடுத்துட்டனு கேள்விப்பட்டு, எப்பிடியும் வருவனு மூணு நாளு பாத்துனு இருந்தேன். நீ காப்பிதானே குடிப்பே, டீ குடிக்க மாட்டியே. காப்பித்தூள் வாங்கி வெச்சிருந்தேன்."

இருபது வருஷம் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து என் சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கிறார். நான் அவர் வீட்டுக்கு ஒரு முறைகூடப் போனதில்லை. போக வேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை. விதிப்படி யார் யாரிடம் சொல்ல வேண்டுமோ அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டேன் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

"உங்களைக் கேக்காம உங்க பேர்ல கடன் குடுத்துட்டேங்க்கா. கைநாட்டைப் பாத்ததுமே சந்தேகம் வந்துது. இருந்தும் விட்டுட்டேன். தப்பு எம்மேலதான்" என்றேன். மைக்கில் படித்ததைவிட இது கஷ்டமாக இருந்தது.

அவர் கடலைத் தோலை ஊதிக்கொண்டே இருந்தார். சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கடைசியில், "எழுது. பேர மாத்தாத, அஞ்சலைனே போடு. எழுதிட்டு வந்து எனக்குப் படிச்சுக் காட்டணும்" என்றார்.

நேற்று மறுபடி போனேன். மேலே உள்ளதையெல்லாம் படித்துக் காட்டினேன். பல் செட்டு வந்த இடத்தில் வாயைப் பொத்திச் சிரித்தார். வட்டிக்காரர் வந்த இடத்தில் தெருவைப் பார்த்தார். முடித்துவிட்டுத் தாளை மடித்தபோது, "ஒண்ணே ஒண்ணு மட்டும் தப்பு" என்றார்.

"எது அக்கா? திருத்திடறேன்."

"மூணு நாளுனு போட்டுகீற. நா உங்கிட்ட சும்மா சொன்னேன் அது. பொங்கல் வரைக்கும் பாத்துனு இருந்தேம்மா."